தப்பலும் அச்சானும்

"தானாக வரும்." பிள்ளையின் பேச்சைப் பற்றி யார் கவலைப்பட்டாலும் எங்கள் ஊரில் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். திருகோணமலையில் தரம் ஒன்றுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். வகுப்பு வாசலில் தயங்கி நிற்கும் தாய்மார் எதைக் கேட்கப் போகிறார்கள் என்பது அவர்கள் வாய் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். "டீச்சர், இவனுக்கு இன்னும் ர வரவில்லை." "டீச்சர், இவள் அக்காவை அத்தா என்கிறாள்." கூட வந்த அம்மம்மா முந்திக்கொள்வார்: இவளுடைய அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான், தானாக வரும். இன்னொருவர் வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்வார். வேறொருவர் நாக்குக்குக் கீழே உள்ள நரம்பை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பார். இவற்றில் எதுவும் எனக்கு நிம்மதி தந்ததில்லை. ஏன் தரவில்லை என்று என்னால் தெளிவாகச் சொல்லவும் முடிந்ததில்லை. சென்ற ஆண்டு என் தங்கையின் மகனையும் அவர்களுடைய பக்கத்து வீட்டுச் சிறுமியையும் கூர்ந்து கேட்ட பிறகுதான் அதைச் சொல்ல எனக்கு வாய்த்தது.

கடை, சடை, தடை

தங்கையின் மகனுக்கு அப்போது மூன்றரை வயதுகூட நிரம்பவில்லை. அவர்கள் வீடு டச்சு பே கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அவனுக்குக் கடல் 'தடல்', கப்பல் 'தப்பல்', காகம் 'தாதம்'. கோணேசர் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டால் "தோனேதய் தோயில்" என்று குதிப்பான். பெரியம்மாவாகிய நான் அவனுக்குப் 'பெயியம்மா'. கோட்டைக்குள் திரியும் மான்களை மட்டும் பிழையில்லாமல் 'மான்' என்பான். அந்தச் சொல்லில் அவனுக்கு எட்டாத ஒலி எதுவும் இல்லை. சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், இது கவனக்குறைவு அல்ல என்பது விளங்கிவிடும். க எங்கே வந்தாலும் த ஆகும். ச வந்தாலும் த. ண வந்தால் ன. ர வந்தால் ய. இது மறுதலையாக நடந்ததே இல்லை. தண்ணீரை அவன் 'கண்ணீர்' ஆக்கியதில்லை, தம்பியைக் 'கம்பி' என்று அழைத்ததில்லை. கடை, சடை, தடை என்ற மூன்று சொற்களும் அவன் வாயில் ஒரே 'தடை'யாக வந்து விழும். ஆனால் அந்த விழுகைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

க என்ற ஒலிக்கு நாக்கின் பின்பகுதி எழும்பி மெல்லண்ணத்தில் முட்ட வேண்டும். அது தாயின் முகத்தைப் பார்த்துக் கற்கக்கூடிய அசைவு அல்ல. வாய்க்குள்ளே, கண்ணுக்கு மறைவாக நடப்பது. த அப்படியல்ல. நுனிநாக்கு பல்லைத் தொடுவது வெளியிலிருந்தே தெரியும். ஆகவே பின்னால் பிறக்கும் ஒலியை முன்னால் கொண்டுவந்து சொல்வது உலகின் பல மொழிகளில் சின்னப் பிள்ளைகள் போகிற வழி. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள், இந்தப் பழக்கம் பெரும்பாலும் மூன்றரை வயதளவில் மறைந்துவிடும் என்கிறார்கள். ஸ, ஷ போன்ற உரசொலிகளை அடைத்துச் சொல்வது, இரண்டு மெய் சேர்ந்து வந்தால் ஒன்றை விட்டுவிடுவது, ர கரத்தை ய ஆகவோ ல ஆகவோ குழைப்பது என்று மற்றவையும் அவ்வாறே வந்து போகும். ர மட்டும் இன்னும் சில ஆண்டுகள் தங்குவது உண்டு. தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லின் தொடக்கத்தில் கூட்டுமெய்த் தொல்லை அதிகம் இல்லை. 'ஸ்கூல்' என்பதைப் பெரியவர்களே 'இஸ்கூல்' ஆக்கித்தானே சொல்கிறோம். எங்கள் பிள்ளைகளின் சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. பத்து, பற்று, பட்டு மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இலங்கைத் தமிழ்ப் பேச்சில் ற்ற இன்னும் தன் இடத்தை இழக்கவில்லை. பல்லுக்கும் மேலண்ணத்துக்கும் இடையில், ஈறோரத்தில், தனியாகப் பிறக்கிறது. நுனிநாக்கை ஒரு சிறு பரப்புக்குள் மூன்று இடங்களில் தவறாமல் நிறுத்த ஒரு மூன்று வயதுப் பிள்ளை பழக வேண்டியிருக்கிறது. அதை நாங்கள் ஒருபோதும் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை.

ஒருநாள் அவனுடைய அப்பா விளையாட்டாக, "தப்பல் வருகிறதா மகன்?" என்று கேட்டார். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்பல் இல்லை! தப்பல்!" என்று காலை உதைத்தான். "கப்பலா?" என்று நான் கேட்டதும் முகம் மலர்ந்து, "ஓம், தப்பல்" என்றான். 1960இல் பிள்ளைகளின் மொழியை ஆராய்ந்த ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரௌனும் ஒரு சிறுவனிடம் இதே கோபத்தைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அவன் தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஷ்' என்று சொல்ல முடியாமல் 'ஃபிஸ்' என்றான். பெரியவர்கள் 'ஃபிஸ்' என்று கேட்டபோது மறுத்தான், 'ஃபிஷ்' என்றதும் ஏற்றுக்கொண்டான். காதுக்குத் தெரிந்திருக்கிறது, வாய் பின்தங்கியிருக்கிறது என்று இதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் வாயை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மொழியியலாளர் நீல் ஸ்மித் தன் மகனின் பேச்சைப் பதிந்து 1973இல் வெளியிட்டார். அந்தப் பிள்ளை, ஆங்கிலத்தில் புதிரைக் குறிக்கும் 'பசில்' என்பதைப் 'படில்' என்றான். 'படில்' என்ற ஒலி அவன் வாய்க்கு வரும் என்பது இதிலிருந்து தெளிவு. ஆனால் தேங்கிய நீரைக் குறிக்கும், 'படில்' என்றே சொல்ல வேண்டிய சொல் வந்தபோது அதைப் 'பகில்' என்றான்! வாயால் முடிகிற ஒலியை, அது வர வேண்டிய இடத்தில் அவன் வைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஓர் ஒழுங்கு நடந்துகொண்டிருந்தது. அது எங்களுடைய ஒழுங்கு அல்ல, அவ்வளவுதான்.

இதை அறிந்தபின் நாக்கு நரம்பு வெட்டும் ஆலோசனை எனக்கு இன்னும் பொருத்தமற்றதாகத் தெரிகிறது. நரம்பு என்று ஊரார் சொல்லும் அந்தச் சவ்வு இழுத்துப் பிடிப்பது நுனிநாக்கை. தங்கை மகனின் நுனிநாக்கு நாள் முழுவதும் த சொல்லிக்கொண்டிருக்கிறது. வராமல் நிற்பது பின்நாக்கில் பிறக்கும் க. நுனியை விடுவித்துப் பின்பகுதியை எழுப்புவது எப்படி? பால் குடிக்கச் சிரமப்படும் கைக்குழந்தைக்கு வைத்தியர் பார்த்துச் செய்வது வேறு விடயம். அக்காவை அத்தா என்கிறான் என்பதற்காக ஒரு பிள்ளையின் வாயில் கத்தி வைக்கச் சொல்வதை நான் எதிர்க்கிறேன்.

முன்பள்ளியில்

முன்பள்ளியில் கலைவிழாப் பயிற்சி நடந்தது. கப்பல் பற்றிய ஒரு பாட்டு. அவன் உரத்த குரலில் "தப்பல்" என்று பாடியிருக்கிறான். அவனைத் தனியே நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அங்குள்ள ஆசிரியை கெட்ட மனம் உள்ளவர் அல்லர். தங்கையைக் கூப்பிட்டு அக்கறையோடுதான் சொன்னார்: "வீட்டில் நன்றாகப் பழக்குங்கள்." தங்கையும் பழக்கினாள். சோறு ஊட்டும்போது "க, க, கப்பல் சொல்லு." குளிக்க வார்க்கும்போது "கப்பல் சொல்லு." வீட்டுக்கு வரும் உறவினருக்கு முன்னால் "எங்கே, மாமிக்குச் சொல்லிக் காட்டு, கப்பல்."

சில கிழமைகள் கழித்துப் போனபோது அவன் பேச்சில் ஏதோ குறைந்திருந்தது. என்ன என்று பிடிபடச் சிறிது நேரம் எடுத்தது. பிழைகள் குறைந்திருந்தன! தங்கை அதைச் சொல்லி மகிழ்ந்தாள். ஆனால் துறைமுகத்துக்குள் வரும் கப்பலைக் காட்டி அவன் சொன்னது "அது." காகத்துக்கும் "அது." கோயிலுக்குப் போகலாமா என்றால் தலையை மட்டும் ஆட்டினான். க உள்ள சொற்களை அவன் திருத்தவில்லை, கைவிட்டிருந்தான். பேசத் தொடங்கும் வயதில் பிள்ளைகள் தங்களுக்கு வராத ஒலியுள்ள சொற்களை எடுக்கத் தயங்குவார்கள் என்று ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸும் லாரன்ஸ் லெனர்டும் 1982இல் காட்டினார்கள். அது யாரும் சொல்லாமல் நடக்கும் தயக்கம். எங்கள் பிள்ளைக்கு நடந்தது அதைவிடத் துயரமானது. துணிந்து வைத்திருந்த சொற்களை, பிறர் சிரித்ததாலும் ஓயாமல் திருத்தியதாலும் ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தான்.

அச்சான்

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு நாலரை வயது. தெருவுக்கே செல்லம். அவள் பேச்சு 'தேன்' என்று எல்லோரும் சொல்வார்கள். மாமியை 'ஆமி' என்பாள். மான் 'ஆன்', பூச்சி 'ஊச்சி', பட்டம் 'அட்டம்'. அவளுடைய சித்தப்பா அவள் பேசுவதைத் தொலைபேசியில் பதிந்து கனடாவில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்புவார். அவர்களும் ரசித்து, இன்னும் அனுப்பச் சொல்வார்கள். யாரும் அவளைத் திருத்தவில்லை. யாரும் அவளுக்காகக் கவலைப்படவும் இல்லை.

ஒரு மாலை இரு வீட்டாரும் கடற்கரைக்குப் போனோம். கச்சான் விற்பவரிடம் போய் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். "என்ன வேண்டும்?" என்று அவர் கேட்டார். தங்கை மகன் என் பின்னால் ஒதுங்கி, விரலை நீட்டி "அது" என்றான். சிறுமி "அச்சான்!" என்று கூவினாள். அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் சரைக்குள் ஒரு பிடி அதிகமாகப் போட்டார். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பிறகு அவள் அலையை நோக்கி ஓடினாள். தூரம் போகாதே என்று நான் பின்னாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கடல் இரைச்சல்தான் என்று நினைத்து, கிட்டே போய்க் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. தங்கை மகன் அவள் கையைத் தொட்டதும்தான் திரும்பினாள். திரும்பியதும் அவள் பார்த்தது என் கண்களை அல்ல, வாயை. அதன்பின் அன்று மாலை முழுவதும் நான் அவளையே கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கை மகனின் ஒவ்வொரு சொல்லிலும் மெய் இருந்தது. இடம் மாறி இருந்தது, ஆனால் இருந்தது. இவள் சொற்களின் முதலெழுத்தில் மெய்யே இல்லை. உயிரோசை மட்டும் தெளிவாக, அழகாக ஒலித்தது. 'அச்சான்' என்பதில் நடுவில் அழுந்தி வரும் ச்ச இருந்தது. 'அட்டம்' என்பதில் ட்ட இருந்தது. நீண்டு, இரட்டித்து வந்த மெய்கள் தப்பியிருந்தன. குறுகித் தொடக்கத்தில் வந்தவை காணாமல் போயிருந்தன.

இதில் அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. ஃபின்னிஷ் போல, சொல்லின் நடுவில் இரட்டித்த மெய்கள் வரும் மொழிகளில், ஒற்றைச்சொல் பேசும் பருவத்துப் பிள்ளைகள் முதல் மெய்யை விட்டுவிடுவது உண்டு என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காது நடுவிலுள்ள அழுத்தத்துக்குப் போய்விடுகிறது. தமிழும் அப்படிப்பட்ட மொழிதான். ஒரு குழந்தை முதலில் பழகும் அம்மா, அப்பா, அக்கா, அண்ணா எல்லாம் உயிரில் தொடங்கி இரட்டித்த மெய்யில் ஊன்றும் சொற்கள். ஆகவே ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை பட்டத்தை 'அட்டம்' என்றால் எனக்குக் கவலை வந்திராது. நாலரை வயதில், எல்லாச் சொல்லிலும், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையிடம் அது வந்தபோது அடிவயிறு கலங்கியது. ஊரார் கவலைப்பட்டது வழியோடு போய்க்கொண்டிருந்த பிள்ளைக்காக. ஊரார் ரசித்தது உதவி தேவைப்பட்ட பிள்ளையை.

அவளுடைய தாயிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தே அன்றிரவு போயிற்று. அடுத்த நாள் சென்று, பேச்சைப் பற்றி எதுவும் சொல்லாமல், "மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறதா?" என்று கேட்டேன். "ஓம் டீச்சர் அக்கா, மழைக்காலம் முழுவதும் மூக்கடைப்புத்தான். தொலைக்காட்சிச் சத்தத்தையும் கூட்டிக் கூட்டி வைப்பாள். குழப்படி" என்றார். காதைக் காட்டிப் பார்ப்போமா என்றேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் போனார். காது மூக்கு தொண்டை வைத்தியர் பார்த்துவிட்டு, இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது என்றார். கேட்டல் சோதனையிலும் குறைவு தெரிந்தது. முற்றாகக் கேளாமை அல்ல. சத்தம் கேட்கும், ஆனால் மெல்லிய சத்தங்கள் தப்பிப் போகும். பேச்சில் உயிரொலிகளுக்குத்தான் பலம் அதிகம். மெய்களில் பல மிக மெலிந்தவை. அவள் காதுக்கு வந்து சேர்ந்ததைத்தான் அவள் உண்மையாகத் திருப்பித் தந்துகொண்டிருந்தாள்.

இந்த நீர் பல பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் தானாக வற்றிவிடும். அதனால் வைத்தியர் முதலில் பொறுத்துப் பார்த்தார். இவளுக்கு வற்றவில்லை. செவிப்பறையில் சிறு குழாய் வைத்தார்கள். இப்போது பேச்சு சிகிச்சையாளரிடம் போய் வருகிறாள். கேட்கத் தொடங்கியவுடன் ஒலிகள் ஓடி வந்து உட்கார்ந்துவிடவில்லை. இத்தனை காலம் முதல் மெய் இல்லாமலே அடுக்கிவைத்த சொற்களை ஒவ்வொன்றாகத் திறந்து முதலெழுத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் பணிக்குத் தமிழில் பேசிச் சிகிச்சை தரக்கூடியவர்கள் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இதற்கான பட்டப்படிப்பு இருக்கிறது. எங்கள் மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அதைப் படிக்க முன்வர வேண்டும் என்று உயர்தர வகுப்பில் படிப்பிக்கும் நண்பர்களிடம் நான் விடாமல் சொல்லிவருகிறேன். தமிழ் தெரியாத ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பற்றுக்கும் பட்டுக்கும் இடையில் ஒரு பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை எப்படிக் கேட்பார்?

எதை வைத்து அளப்பது

ஒரு தந்தை சென்ற தவணையில், தன் மகளுக்கு ழ வரவில்லை, பழத்தைப் 'பளம்' என்கிறாள் என்று மனமுடைந்து வந்தார். அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். அந்தப் பேச்சில் ஒரு ழ கூட இல்லை. வாழைப்பழம் அவர் வாயிலும் 'வாளப்பளம்'தான். இந்நாட்டுத் தமிழ்ப் பேச்சில் பெரும்பாலானோருக்கு ழ ள ஆகி நெடுங்காலம் ஆயிற்று. அந்தப் பிள்ளை தன் வீட்டுத் தமிழைத் துல்லியமாகக் கற்றிருக்கிறாள். பாட்டுக்கும் வாசிப்புக்கும் ழ வேண்டும் என்றால் அதைப் பாடசாலையில் நான் கற்றுத் தருவேன், அது என் வேலை. ஆனால் அது பேச்சுக் குறைபாடு அல்ல. மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் பிள்ளையை நகரத்துப் பேச்சால் அளப்பதும், எல்லோரையும் பாடப்புத்தகத்தால் அளப்பதும் ஒரே அநியாயம். ஒரு பிள்ளையின் பேச்சை அதன் வீட்டார் பேச்சோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வயதுக்குக் கணக்கு உண்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. ஷாரின் மக்லௌடும் கேத்ரின் குரோவும் 27 மொழிகளைச் சேர்ந்த பிள்ளைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். ஐந்து வயதளவில் பிள்ளைகள் தம் மொழியின் பெரும்பாலான மெய்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. அறிமுகமில்லாத ஒருவருக்கு, இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சில் பாதி, மூன்று வயதில் முக்கால், நான்கு வயதில் ஏறத்தாழ முழுவதும் விளங்க வேண்டும் என்பது சிகிச்சையாளர்கள் வைத்திருக்கும் பரவலான அளவு. இந்த எண்களை நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு. ஆனால் எண்ணைவிட நான் கேட்பது பிழையின் போக்கை. க, த ஆகிறதா, அல்லது த, க ஆகிறதா? முன்னது வழக்கமான பாதை, பின்னது அரிது. ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகச் சொல்கிறதா? உயிரெழுத்துகளே பிறழ்கின்றனவா? நாலு வயதுக்குப் பின்னும் முதல் மெய் விழுகிறதா? இருந்த பேச்சு குறைகிறதா? த, க ஆகிறது என்றாலோ, மற்றக் கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஓம்' என்றாலோ "தானாக வரும்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. மருத்துவிச்சியிடம், கிளினிக்கில், யாரிடமாவது அன்றே சொல்ல வேண்டும்.

தங்கை வீட்டில் "கப்பல் சொல்லு" நின்றுவிட்டது. நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அவன் "தப்பல் போதுது" என்றால், "ஓம், பெரிய கப்பல் போகிறது, கப்பலில் யார் போகிறார்கள்?" என்று பேச்சைத் தொடர வேண்டும். திரும்பச் சொல்லும்படி கேட்கக் கூடாது. பிறகு கடையும் சடையும் வரைந்த அட்டைகளை வைத்து ஒரு விளையாட்டுச் செய்தோம். அவன் கேட்கும் அட்டையை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். "தடை" என்றபோது நான் சடையைக் கொடுத்தேன். அவன் திகைத்து என்னைப் பார்த்தான். தன் காதுக்குள் இரண்டாக இருப்பது வெளியே வரும்போது ஒன்றாகிவிடுகிறது என்பதை யாரும் சிரிக்காத இடத்தில் அவன் அன்று தானே கண்டுகொண்டான். க முதலில் வந்தது 'அக்கா'வின் நடுவில். சொல்லின் தொடக்கத்துக்கு வர இன்னும் சில கிழமைகள் எடுத்தது. காகம்தான் கடைசியில் வந்தது, அதிலும் வெகுநாள் 'காதம்' ஆக.

முன்பள்ளி ஆசிரியையையும் போய்ச் சந்தித்தேன். அவரிடம் குறை சொல்லப் போகவில்லை. இருபது முப்பது பிள்ளைகளை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். எங்கள் எல்லோரையும்விட முதலில் பிடிக்கக்கூடியவரும் அவர்தான். இரண்டு பிள்ளைகளின் கதையையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெண்பிள்ளை போல இன்னொருவன் என்னிடம் இருக்கிறான், டீச்சர். சொல்வழி கேட்கிறான் இல்லை என்று அவனைப் பின்வரிசையில் இருத்தியிருக்கிறேன்" என்றார். அடுத்த நாளே அவனை முன்வரிசைக்குக் கொண்டுவந்து, தாயை அழைத்துப் பேசியிருக்கிறார். புதிய தவணை தொடங்கியதும் பெற்றோர் கூட்டத்துக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார். அங்கே ஒலிகளைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன், ஒவ்வொரு தாயையும் தந்தையையும் பிள்ளையின் பின்னால் சில அடி தள்ளி நின்று, தாழ்ந்த குரலில் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லப் போகிறேன். திரும்பாத பிள்ளைகளின் காதைச் சோதிக்க எங்கே, எந்த நாளில் போக வேண்டும் என்ற விவரத்தை இந்தக் கிழமைக்குள் விசாரித்து, எழுதி, பிரதி எடுத்துவிட வேண்டும்.